ஐந்து ஆண்டு மூடிக் கிடந்த பள்ளிகள்: பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் பக்கம் குடியிருக்கிறேன். வார இறுதித் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும், கறுப்பின வரலாற்று மாதத்தில், பக்கத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் இருக்கும் ஃபார்ம்வில் ஊரின் பள்ளிக் கதையை, வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கக் கூடாது என்று பொதுப் பள்ளிகளையே மூடிய கதையை, சொல்வது வழக்கம். பிள்ளைகள் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொல்வார்கள். அடுத்த வாரம் பெற்றோர் வந்து என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

“ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா சார்?”

பெயர்தான் அப்படி. நம் ஊரில் மாவட்டம் என்றால் ஆட்சியர், வருவாய்த் துறை, காவல் துறை எல்லாம் அடங்கும். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்துவதற்கு மட்டும் உள்ள உள்ளூர் அமைப்பு. சின்ன ஊருக்குக்கூடத் தனியாக ஒன்று இருக்கும். பல மாநிலங்களில் அதுவே வரியும் போட்டுக்கொள்ளும்.

வர்ஜீனியாவில் கதை வேறு. இங்கே கவுன்டி, அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சிப் பகுதிதான் எல்லை. பள்ளிகளை நடத்துவது ஸ்கூல் போர்டு. ஆனால் வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சொத்து வரியைத் தீர்மானிப்பது போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் என்ற இன்னொரு குழு. இனி அதைக் கவுன்டி சபை என்றே எழுதுகிறேன். மாநிலம் ஒரு பங்கு தரும், மீதிப் பணத்துக்கு ஸ்கூல் போர்டு கவுன்டி சபையிடம் போய் நிற்க வேண்டும். பள்ளியை நடத்துகிறவர் ஒருவர், பணப்பெட்டிச் சாவி வைத்திருப்பவர் இன்னொருவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் விடை.

“பிரின்ஸ் எட்வர்ட் எங்க இருக்கு? பேரே கேள்விப்பட்டதில்லையே?”

ரிச்மண்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தென்மேற்கே. புகையிலை விளையும் செம்மண் பூமி. தலைநகர் ஃபார்ம்வில். ஒரே ஒரு பெரிய வீதி, இரு பக்கமும் கடைகள், கோர்ட்டு, தேவாலயங்கள். உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ இந்த ஊர் வழியாகப் பின்வாங்கிப் போய், 1865 ஏப்ரல் 9 அன்று பக்கத்து அப்பமாடக்ஸில் சரணடைந்தார்.

1960 வாக்கில் கவுன்டி முழுவதும் சேர்த்துச் சுமார் 14,000 பேர்தான். ஒட்டுமொத்த மக்கள்தொகையில் வெள்ளையர் கொஞ்சம் அதிகம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் மட்டும் கறுப்பினப் பிள்ளைகள் அதிகம்.

“கறுப்பினப் பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம்னு சட்டத்துலயே எழுதியிருந்ததா?”

எழுதியிருந்தது. வர்ஜீனியாவில் பொதுப் பள்ளி முறை 1870-ல் தொடங்கியபோதே இரு இனத்துக்கும் வெவ்வேறு பள்ளிகள்தான். 1902-ல் வந்த மாநில அரசியல் சாசனம், வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் படிக்கவைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. அதற்கு முன்பே, 1896-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை எல்லா ஊரும் கடைப்பிடித்தது. இரண்டாம் பாதியை ஃபார்ம்வில் எப்படிக் கடைப்பிடித்தது என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

“தார்த்தாள் கொட்டகைன்னு பையன் சொன்னான். நிஜமாவே அதுலயா வகுப்பு நடந்துச்சு?”

நிஜமாகவே. ராபர்ட் ரூசா மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939-ல் கறுப்பின மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. மோட்டன் இதே கவுன்டியில் வளர்ந்து, டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவரான பெரிய கல்வியாளர். செங்கல் கட்டடம், 180 பேருக்கு இடம். அதற்கே கறுப்பினப் பெண்கள் சங்கம் பல ஆண்டுகள் நடையாய் நடந்தது. 1950 வாக்கில் அந்த 180 பேர் இடத்தில் 450-க்கும் மேற்பட்டவர்கள். ஜிம் கிடையாது, சாப்பாட்டுக் கூடம் கிடையாது, ஆய்வகம் கிடையாது. நடுக்கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்பு, ஓட்டை உடைசலான பஸ்ஸுக்குள்கூட வகுப்பு நடந்திருக்கிறது.

இட நெருக்கடிக்கு ஸ்கூல் போர்டு கொடுத்த தீர்வுதான் அந்தக் கொட்டகைகள். மரச்சட்டம் அடித்து, மேலே தார் பூசிய தாளைச் சுற்றினார்கள். ஊரார் அவற்றைக் கோழிக்கூண்டு என்றார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விறகு அடுப்பு. வர்ஜீனியாக் குளிர் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை வியர்த்து நனையும், ஜன்னலோரப் பிள்ளை கோட்டைக் கழற்றாமல் எழுதும். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு விறகு திணிக்க வேண்டும். மழை வந்தால் கூரை ஒழுகும். வகுப்புக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஊரில் வெள்ளை மாணவர்களின் உயர்நிலைப் பள்ளியில் ஜிம், உணவுக் கூடம், ஆய்வகம் எல்லாம் இருந்தன. அங்கே பழையதாகிப்போன பஸ்களும் புத்தகங்களும் மோட்டனுக்கு வரும்.

“பதினாறு வயசுப் பொண்ணு எப்படி மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வெளிய கூட்டிட்டு வந்தா?”

அந்தப் பெண் பார்பரா ரோஸ் ஜான்ஸ். அதிகம் பேசாத மாணவி. தன் இசை ஆசிரியையிடம் பள்ளியின் நிலைமையைப் பற்றிப் புலம்பியிருக்கிறாள். “சரி, நீயே ஏதாவது செய்யேன்” என்று ஆசிரியை சொன்னார். பார்பரா அதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொண்டு மனம் வாடினாள். ஆனால் அந்தச் சொல் உள்ளேயே கிடந்தது. ஒரு காலை பஸ்ஸைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றபோது, வெள்ளை மாணவர்களின் பஸ் பாதி காலியாக அவளைத் தாண்டிப் போனது. அன்றுதான் முடிவெடுத்தேன் என்று பின்னாளில் எழுதினார். நம்பிக்கையான சில மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டம் போட்டார்கள்.

1951 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. பள்ளி முதல்வர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு போன். பஸ் நிலையத்தில் உங்கள் பிள்ளைகள் போலீசிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு குரல். அவர் பதறி ஓடினார். அவர் போனதும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சீட்டு போனது: எல்லோரும் அரங்குக்கு வரவும். சீட்டில் முதல்வர் போடுவது போலவே சுருக்கொப்பம். அது பார்பரா போட்டது. அரங்கம் நிறைந்தது, திரை விலகியது. முதல்வர் நிற்க வேண்டிய மேடையில் பார்பராவும் தோழர்களும். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார்கள். அவள் காலணியைக் கழற்றித் தட்டி, கூட்டத்தை அமைதிப்படுத்தினாள். நம் பள்ளி இப்படியே இருக்க வேண்டியதில்லை, நல்ல கட்டடம் வரும்வரை வகுப்புக்குப் போகமாட்டோம் என்று பேசினாள். அன்று வெளியே போன பிள்ளைகள் இரண்டு வாரம் கழித்து, மே 7 அன்றுதான் திரும்பி வந்தார்கள்.

“பெரியவங்க யாரும் தூண்டிவிடாமயா?”

இந்தக் கேள்வியை அன்றைக்கு ஊர் வெள்ளையர்களும் கேட்டார்கள். முதல்வரைத்தான் சந்தேகப்பட்டார்கள், அவருடைய வேலை அதோடு போயிற்று. ஆனால் முதல்வருக்கும் பெற்றோருக்கும் பழி வரக் கூடாது என்றுதான் பிள்ளைகள் அவர்களிடம் மூச்சுவிடவில்லை. பார்பராவின் பெற்றோருக்கே தெரியாது.

வீட்டில் துணிச்சலுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அவளுடைய அப்பாவின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ், அலபாமாவின் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன்பு அதே தேவாலயத்தில் போதகராக இருந்தவர். பயமில்லாமல் பேசுவதற்குப் பேர்போனவர்.

“புதுக் கட்டடம்தானே கேட்டாங்க? அது எப்படி சேர்ந்து படிக்கிற வழக்கா மாறுச்சு?”

வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே பிள்ளைகள் ரிச்மண்டில் இருந்த வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்துக்காக வழக்காடியவர்கள். வேறொரு வழக்குக்காக அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் ஃபார்ம்வில்லில் இறங்கினார்கள். ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அந்தப் பிள்ளைகளின் உறுதியைப் பார்த்ததும் மனம் மாறியது.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். நல்ல தனிப் பள்ளி கேட்டு இனி வழக்குப் போடமாட்டோம், தனிப் பள்ளி முறையே கூடாது என்று கேட்பதானால் வருகிறோம், பெற்றோர் சம்மதம் வேண்டும். பெற்றோருக்கு அது லேசான முடிவில்லை. வெள்ளையரிடம் வேலை பார்ப்பவர்கள், வெள்ளையர் வங்கியில் பயிர்க்கடன் வாங்கியவர்கள். தேவாலயத்தின் போதகர் பிரான்சிஸ் கிரிஃபின் அவர்கள் பக்கம் நின்றார். மே 23 அன்று வழக்குத் தாக்கலானது. மனுதாரர் பட்டியலில் முதல் பெயர் ஒன்பதாம் வகுப்பு மாணவி டாரத்தி டேவிஸுடையது. அதனால் வழக்குக்கு டேவிஸ் வழக்கு என்று பெயர், பார்பராவின் பெயர் வெளியே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

“பிரவுன் வழக்குன்னா கான்சாஸ்தானே? பாடப்புத்தகத்துல அப்படித்தான இருக்கு?”

பாதி சரி. ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் 1952-ல் டேவிஸ் வழக்கைத் தள்ளினார்கள். கட்டடங்களைச் சமமாக்கினால் போதும் என்றார்கள். கவுன்டியும் அவசர அவசரமாகப் புது மோட்டன் பள்ளியைக் கட்டி 1953-ல் திறந்தது. வேலைநிறுத்தத்துக்கு முன்பு ‘பணம் இல்லை, இடம் கிடைக்கவில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தவர்களுக்கு இரண்டே ஆண்டில் பணமும் கிடைத்தது, இடமும் கிடைத்தது.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. கான்சாஸ், தென் கரோலினா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களின் வழக்குகளோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ‘பிரவுன்’ என்பது அந்த ஐந்து வழக்குகளின் பட்டியலில் முதலில் இருந்த கான்சாஸ் வழக்கின் பெயர். ஐந்தில் மாணவர்களே தொடங்கிய போராட்டத்திலிருந்து பிறந்தது இது ஒன்றுதான். 1954 மே 17 அன்று, பொதுப் பள்ளிகளில் பிரிவினை சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது.

“1954-லயே ஜெயிச்சாச்சே, அப்புறம் ஏன் 1959-ல மூடினாங்க?”

தீர்ப்பில் காலக்கெடு இல்லை. 1955-ல் வந்த இரண்டாவது தீர்ப்பு, ‘தக்க நிதானத்தோடு கூடிய வேகத்தில்’ செய்யுங்கள் என்றது. வேகத்தை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் செல்வாக்கு மிக்க செனட்டர் ஹாரி பேர்ட் ‘பெரும் எதிர்ப்பு’க்கு அறைகூவல் விடுத்தார். இரு இனமும் சேரும் எந்தப் பள்ளியையும் மூடிவிட மாநிலமே சட்டம் போட்டது. 1958-ல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃப்ரன்ட் ராயல் ஊர்களில் பள்ளிகள் பூட்டப்பட்டன. 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும் அங்கெல்லாம் திறந்துவிட்டார்கள்.

பிரின்ஸ் எட்வர்ட் மட்டும் வேறு கணக்குப் போட்டது. 1955-லிருந்தே கவுன்டி சபை பள்ளிகளுக்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகத் தராமல் மாதாமாதம் அளந்து கொடுத்துவந்தது, எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதற்காக. 1956-ல் 4,000-க்கும் மேற்பட்ட வெள்ளையர் கையெழுத்திட்ட மனு, சேர்ந்து படிக்கும் பள்ளிக்கு வரிப்பணம் தராதீர்கள் என்றது. 1959 மே மாதம், வரும் செப்டம்பரிலேயே கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூனில் கவுன்டி சபை பள்ளிகளுக்கென்று ஒரு பைசா வரியும் விதிக்காமல் பட்ஜெட்டை முடித்தது.

“கோர்ட்டு சொன்னதை மீறி மூட முடியுமா? சட்டத்துல எப்படி இடம் இருந்துச்சு?”

முதல் கேள்வியின் பதிலில் சொன்ன பணப்பெட்டிச் சாவி இங்கேதான் வருகிறது. நீதிமன்ற உத்தரவு ஸ்கூல் போர்டுக்கு. ‘நீ நடத்தும் பள்ளியில் பாகுபாடு கூடாது’ என்பது அதன் சாரம். கவுன்டி சபை எந்த மாணவரையும் வாசலில் தடுக்கவில்லை, வரியைத்தான் நிறுத்தியது. பணம் இல்லாத ஸ்கூல் போர்டுக்குப் பள்ளி இல்லை. பள்ளியே இல்லாத இடத்தில் பாகுபாடு எங்கே என்று வாதாடினார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தையும் மாநிலம் 1959-ல் விலக்கிக்கொண்டு, அதை உள்ளூர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்பாரில்லை.

கேட்கும்போது வக்கீல் சாமர்த்தியம் போலத் தோன்றும். அந்தச் சாமர்த்தியத்தின் விலை ஐந்து கல்வியாண்டுகள்: 1959 செப்டம்பர் முதல் 1964 செப்டம்பர் வரை. அமெரிக்காவில் வேறு எந்தக் கவுன்டியும் தன் பொதுப் பள்ளிகளை இவ்வளவு காலம் பூட்டிவைக்கவில்லை.

“வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் படிக்காமத்தானே இருந்திருப்பாங்க?”

இல்லை. அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை முன்கூட்டியே தயாராக இருந்தது. 1959 செப்டம்பரிலேயே பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி தேவாலயங்களிலும் கிடைத்த பொதுக் கூடங்களிலும் வகுப்புகளைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 வெள்ளைப் பிள்ளைகள், பொதுப் பள்ளியில் பாடம் எடுத்த அதே வெள்ளை ஆசிரியர்கள். முதலாண்டு நன்கொடையில் ஓடியது. இரண்டாம் ஆண்டு மாநிலமும் கவுன்டியும் கல்வி மானியம் என்ற பெயரில் பெற்றோருக்குப் பணம் கொடுத்தன, நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் உண்டு. பொதுப் பள்ளிக்கு இல்லை என்ற வரிப்பணம் இப்படிச் சுற்றி வந்து தனியார் பள்ளிக்குப் போனது. பொதுப் பள்ளிகள் மூடியிருக்கும்வரை இது கூடாது என்று 1961-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. அதன் பிறகு கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளைக் குடும்பப் பிள்ளைகள் சிலரும் படிப்பை விட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

“அஞ்சு வருஷம் கறுப்பினப் பிள்ளைங்க என்னதான் பண்ணாங்க?”

சுமார் 1,700 பிள்ளைகள். ஒரே பதிலில் எல்லோரையும் அடக்க முடியாது. பக்கத்துக் கவுன்டியில் அத்தையோ பாட்டியோ இருந்தால் அங்கே போய்த் தங்கினார்கள். அந்த வீட்டு முகவரியைத் தம் முகவரியாகச் சொல்லிப் பள்ளியில் சேர்ந்தவர்கள் உண்டு. உயர்நிலை வகுப்பில் இருந்த சுமார் 60 பேரை வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரி எடுத்துக்கொண்டது. குவேக்கர் சமய அமைப்பு ஒன்று சில பத்துப் பேரை வேறு மாநிலங்களில் முன்பின் அறியாத குடும்பங்களோடு தங்கிப் படிக்க அனுப்பியது. ஊரிலேயே தங்கியவர்களுக்குத் தேவாலய நிலவறைகளில் தாய்மார்களும் வேலை போன ஆசிரியர்களும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றைப் பள்ளி என்று அவர்களே சொல்லவில்லை, பயிற்சி மையம் என்றுதான் சொன்னார்கள். பள்ளி என்று சொன்னால் கவுன்டி சபை தப்பித்துக்கொள்ளும் என்ற எச்சரிக்கை.

இவை எதுவும் கிடைக்காதவர்கள்தான் நிறையப் பேர். புகையிலைக் காட்டில் வேலைக்குப் போனார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். 1959-ல் ஆறு வயதான பிள்ளைக்கு 1963 வரை முறையான வகுப்பே கிடையாது. அப்போது பத்து வயதாகியிருக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாது. பதினைந்து வயதில் வெளியே நின்ற பிள்ளை பள்ளி திறக்கும்போது இருபது வயது ஆள், பெரும்பாலும் திரும்பி வரவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கணக்குப் போடச் சொல்வேன்: உன் வயதிலிருந்து ஐந்தைக் கழி, அப்போது உனக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

“கறுப்பினத்தவருக்கும் தனியார் பள்ளி தர்றோம்னு வெள்ளைக்காரங்க சொன்னாங்களாமே? ஏன் வேண்டாம்னாங்க? பிள்ளைங்க படிப்பு முக்கியமில்லையா?”

1959 டிசம்பரில் அப்படி ஒரு திட்டம் வைத்தார்கள். அதை ஏற்றிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். இரு தரப்புக்கும் தனித்தனித் தனியார் பள்ளி, பொதுப் பள்ளி என்று ஒன்று இனி இல்லை. 1951-ல் பெற்றோர் கையெழுத்துப் போட்ட எல்லாமே வீண். அவர்கள் ஏறக்குறைய ஒருமுகமாக மறுத்தார்கள்.

பிள்ளைகளின் படிப்பு முக்கியம் இல்லையா என்று கேட்பது எளிது. கிரிஃபினின் சொந்தப் பிள்ளைகளும் மனுதாரர்கள். அவர்களும்தான் வகுப்பை இழந்தார்கள். தம் பிள்ளையின் படிப்பையே பணயம் வைத்துத்தான் அவர்கள் மறுத்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டு, பூட்டிய கதவின் முன் நின்றவர்களிடம் கணக்குக் கேட்பது நியாயமாகப் படவில்லை.

“கென்னடி அதிபரா இருந்தாரே, அவர் ஒண்ணும் செய்யலையா?”

செய்தார், தாமதமாக. அவருடைய தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி 1963 மார்ச்சில் ஒரு மேடையில், இலவசப் பொதுக் கல்வி இல்லாத உலகின் சில இடங்களின் பட்டியலில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கோடையில் ஃபார்ம்வில் தெருக்களில் மாணவர் ஊர்வலங்கள், கைதுகள். கூட்டாட்சி அரசின் முயற்சியில் தனியார் நன்கொடை திரட்டி, 1963 செப்டம்பரில் இலவசப் பள்ளிச் சங்கம் ஒன்று ஓராண்டுக்கு வகுப்புகளைத் திறந்தது. நியூயார்க் பக்கத்திலிருந்து நீல் சல்லிவன் தலைமை ஏற்க வந்தார். சுமார் 1,500 பிள்ளைகள், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வெள்ளைப் பிள்ளைகள். வயதை வைத்து வகுப்புப் பிரிக்க முடியாத நிலைமை. அதனால் யாருக்கு எவ்வளவு தெரியுமோ அதை வைத்துப் பிரித்தார்கள்.

“கடைசியில யார் திறக்க வச்சது?”

உச்ச நீதிமன்றம். போதகர் கிரிஃபினின் பிள்ளைகள் மனுதாரர்களாக இருந்த கிரிஃபின் வழக்கில் 1964 மே 25 அன்று நீதிபதி ஹியூகோ பிளாக் தீர்ப்பை எழுதினார். வெள்ளைப் பிள்ளையும் கறுப்பினப் பிள்ளையும் ஒரே பள்ளிக்குப் போகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பள்ளிகள் மூடப்பட்டன என்றார், ‘நிதானமான வேக’த்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். தேவைப்பட்டால் கவுன்டி சபையை வரி விதிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது இன்னும் முக்கியம். ஐந்தாண்டு ஒளித்துவைத்த சாவியின் மேலேயே தீர்ப்பு கை வைத்தது. பள்ளிகளைத் திறக்கும்படி உத்தரவிடக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை மட்டும் இரண்டு நீதிபதிகள் ஏற்கவில்லை. அந்தச் செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன.

“வரி கட்டுறவன் வேண்டாம்னா விட்டுடணும்ல? உள்ளூர் ஜனநாயகம்தானே அது?”

வீடு வாங்கி சொத்து வரி கட்ட ஆரம்பித்த பெற்றோர் இதை நிஜமான சந்தேகமாகவே கேட்கிறார்கள். வரியைக் குறைக்கவோ கூட்டவோ உள்ளூர் சபைக்கு உரிமை உண்டு. ஆனால் மாநிலத்தின் மற்ற எல்லாக் கவுன்டியிலும் பொதுப் பள்ளி இருக்க, இங்கே மட்டும் இல்லாமல் செய்ததற்குக் காரணம் இனம் என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. சிக்கனம் காரணமாக இருந்திருந்தால் கல்வி மானியத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தவிர, கறுப்பினப் பெற்றோரும் அதே கவுன்டியில் வரி கட்டியவர்கள்தான்.

“திறந்ததும் எல்லாரும் ஒண்ணா படிச்சாங்களா?”

1964-ல் பொதுப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகளே. வெள்ளையர் அகாடமியில் தங்கிவிட்டார்கள். கவுன்டி சபையும் பொதுப் பள்ளிகளுக்குக் கையை இறுக்கித்தான் கொடுத்தது. அகாடமி 1978-ல் வரிவிலக்கை இழந்தது, 1980-களின் நடுவில்தான் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு தொழிலதிபரின் ஒரு கோடி டாலர் நன்கொடையோடு பெயரும் மாறியது. இதற்கிடையில் வெள்ளைக் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுப் பள்ளிகளுக்குத் திரும்பின. இன்று அவற்றில் இரு இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

“படிப்பை இழந்தவங்களுக்கு ஏதாவது கிடைச்சுதா?”

நீண்ட காலம் ஒன்றுமில்லை. 2003-ல் மாநிலச் சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூனில் ஐம்பது அறுபது வயதானவர்களை மேடைக்கு அழைத்து, அவர்கள் வாங்க முடியாமல் போன பள்ளி இறுதிச் சான்றிதழைக் கௌரவமாகக் கொடுத்தார்கள். தாத்தா பாட்டிகள் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் போட்டு நின்றார்கள். 2004-ல், மீண்டும் படிக்க விரும்புகிறவர்களுக்காக மாநிலம் ஓர் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அதற்காக முன்னின்று எழுதியவர் ‘ஃபார்ம்வில் ஹெரால்ட்’ பத்திரிகையின் ஆசிரியர் கென் உட்லி. பள்ளிகளை மூடிய காலத்தில் அதற்கு உரத்து ஆதரவு தந்த பத்திரிகையும் அதேதான். 2008-ல் கவுன்டி சபை வருத்தம் தெரிவித்து, கோர்ட்டுக் கோபுரத்தில் ஒரு விளக்கு ஏற்றியது.

“அந்தப் பொண்ணு பார்பரா என்ன ஆனா?”

பள்ளி வளாகத்தில் சிலுவை எரிக்கப்பட்டது. பயந்துபோன பெற்றோர் அவளை மான்ட்கோமரிக்கு, மேலே சொன்ன வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். தான் தொடங்கிவைத்த வழக்கு நடந்தபோது அவள் ஊரில் இல்லை. 1955-ல் அவர்கள் குடும்ப வீடு எரிந்துபோனது. பிறகு திருமணம், பிள்ளைகள், பிலடெல்பியாவில் பள்ளி நூலகர் வேலை. 1991-ல் காலமானார். வாழ்ந்த காலத்தில் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. இன்று ஏப்ரல் 23 வர்ஜீனியாவில் பார்பரா ஜான்ஸ் நாள். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா வைத்திருந்த ராபர்ட் லீ சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அந்த இடத்துக்குப் பார்பராவைத்தான் மாநிலம் தேர்ந்தெடுத்தது.

“பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியுமா?”

தாராளமாக. பழைய மோட்டன் பள்ளி இப்போது அருங்காட்சியகம். 1998-லிருந்து தேசிய வரலாற்றுச் சின்னம். முன்னால் போகும் சாலைக்குக் கிரிஃபின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயம் மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது.

உள்ளே முதலில் வருவது அரங்கம். அங்கே அவசரப்படாதீர்கள். நான் முதல் தடவை போனபோது பெரிய ஹால் ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாதிகூட இருக்காது, மேடையும் சின்னதுதான். பிள்ளைகளைக் கீழே உட்காரச் சொல்லிவிட்டு, பதினாறு வயதுக்காரர் யாராவது இருந்தால், முன்னால் போய் நிற்கச் சொல்லிப் பாருங்கள்.